வெயில் வைத்த பெயர்

மாட்டுத்தாவணியில் மேலூர் வண்டி கிளம்பப் போகிறது. நடத்துநர் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று கூவுகிறார். "ஒத்தக்கட, வெள்ளரிப்பட்டி, மேலூரேய்... ஒத்தக்கட, ஒத்தக்கட!" சித்திரை மாதம், காலை பத்தரை மணி. இருக்கையின் ரெக்சினில் கை பட்டால் சுடுகிறது. இந்தப் பெயரைச் சிறுவயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். பெயருக்காகவே அந்த ஊரில் இறங்க வேண்டும் என்று கிளம்பியது இன்றுதான் முதல் தடவை.

ஏறிய இடத்தின் பெயரையே முதலில் பார்க்கலாம். 1999இல் இங்கே பெரிய பேருந்து நிலையம் வந்தது. பிற்பாடு அதற்கு எம்.ஜி.ஆர். பெயரைச் சூட்டினார்கள். முகப்பில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆனால் மதுரையில் எந்த ஆட்டோக்காரரிடமும் "மாட்டுத்தாவணி" என்றால் போதும். தாவணி என்பது நீளமான ஒரு கயிறு. அதில் இடைவெளி விட்டுச் சிறு கயிறுகளை முடிந்து மாடுகளை வரிசையாகக் கட்டுவார்கள். அப்படிக் கட்டிய மாடுகள் நிற்கும் இடமும், அவற்றை விற்கும் வாங்கும் சந்தையும் அதே பெயரைப் பெற்றன. இன்று அங்கே ஒரு மாடும் இல்லை. திருநெல்வேலி வண்டிகளும் திருச்சி வண்டிகளும் வரிசை பிடித்து நிற்கின்றன. கயிறு போய்விட்டது, பெயர் அவிழவில்லை.

கால் மணி நேரத்துக்குள் உயர் நீதிமன்றக் கிளை வந்துவிடுகிறது. 2004 ஜூலை 24இல் திறந்த கட்டடம். அந்தப் பகுதிக்கு உலகனேரி என்று பெயர். ஏரி என்ற சொல் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டியதும் யானைமலை முழுசாகத் தெரிகிறது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை. துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் யானை. மரம் இல்லை, செடி இல்லை, அப்பட்டமான கல். வெயில் அதன் முதுகில் அடித்துத் திரும்பி நம் முகத்தில் அடிக்கிறது.

"ஒத்தக்கட எறங்கு!"

இறங்கினால், கண்ணுக்கு எட்டிய மட்டும் கடைகள். பலகாரக் கடை, கைப்பேசிக் கடை, ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, உரக்கடை, இளநீர் வண்டி, இரண்டு பக்கமும் பரோட்டாக் கடைகள். ஊராட்சி என்றாலும் நகரத்தின் நெரிசல் வந்துவிட்டது. ஒரு கடைப் பலகையில் "யா.ஒத்தக்கடை" என்று எழுதியிருந்தது. யா. என்பது யானைமலை. மதுரைப் பக்கத்து ஊர்களுக்கு மனிதர்களைப் போலவே தலைப்பெழுத்து உண்டு. தே.கல்லுப்பட்டி மாதிரி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதே பெயரில் இன்னொரு ஊர் இருந்தால் தபால்காரர் குழம்பிவிடுவார். ஒத்தக்கடை என்ற பெயர் திருச்சியிலும் இருக்கிறது. ஒரே ஒரு கடை மட்டும் நின்ற சாலை எல்லா ஊரிலும் ஒரு காலத்தில் இருந்திருக்கும்தானே.

தேநீர்க் கடை பெஞ்சில் எழுபதைத் தாண்டிய ஒருவர் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஐயா, இந்த ஊருக்கு ஏன் இப்படிப் பேரு வந்துச்சு?" என்று கேட்டேன். என்னை ஒரு நொடி பார்த்தார்.

"ஒத்த கடை இருந்துச்சு, ஒத்தக்கடைன்னு பேரு. இதுல என்ன தம்பி இருக்கு?"

"யாரு கடைங்கய்யா?"

"அது எந்தக் காலமோ. எங்க அப்பாரு சொல்வாரு, மேலூர்லருந்து வண்டி கட்டி வாரவுக இங்கனதான் மாட்ட அவுத்துத் தண்ணி காட்டுவாகளாம். வேற எங்கன நிக்கிறது? அங்கிட்டும் பொட்டல், இங்கிட்டும் பொட்டல். கடைன்னு ஒண்ணு இருந்தா இதுதான்."

அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது அந்தக் கடைசி வரிதான். ஊருக்குள் வாழ்கிறவர் தன் கடையை ஒத்தக் கடை என்று சொல்ல மாட்டார். அவருக்கு அது கடை, அவ்வளவுதான். ஒத்தை என்று சொல்ல வேண்டுமானால் இதற்கு முன்னால் கடை இல்லாத தூரத்தையும் பின்னால் கடை இல்லாத தூரத்தையும் காலால் அளந்திருக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொன்ன வாய், நடந்து வந்த வாய். மேலூரிலிருந்து மதுரைக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான். பேருந்தில் அது ஒரு தூக்கம். தலையில் மூட்டையோடு வெறுங்காலில் நடந்தவருக்கு ஒரு பகல் முழுக்க. அவர் தனக்குப் பின்னால் வருகிறவருக்குச் சொல்லி அனுப்பிய செய்தி இது. இந்த வழியில் ஒரே ஒரு கடைதான், அதை விட்டால் மதுரைதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலகையில் ஒற்றைக்கடை என்று யாரும் எழுதுவதில்லை. காற்றைக் காத்து என்றும், நேற்றை நேத்து என்றும் சொல்கிற அதே வாய்தான் ஒற்றையை ஒத்தை ஆக்கியது. அரசாங்கப் பலகையும் அதைத் திருத்தவில்லை, நீதிமன்றத் தாளும் திருத்தவில்லை. பேச்சு வழக்கு அப்படியே அச்சுக்கு ஏறிவிட்டது. எனக்கு அதில் பெரிய நிம்மதி. அந்தச் சொல்லை இலக்கணப்படி சீர்செய்திருந்தால் அதிலிருந்த வழிப்போக்கனின் குரல் போயிருக்கும். "ஒத்தையில எங்கப்பா போற?" என்று கிராமத்தில் கேட்பார்களே, அந்த ஒத்தை இது. கடைக்கும் பொருந்துகிறது, அதைத் தேடி நடந்தவருக்கும் பொருந்துகிறது.

கடை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வாயில், முனை, ஓரம் என்றெல்லாம் பொருள் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு இந்தப் பெயருக்கு ஆழமான வேறொரு விளக்கம் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இருக்கலாம். எனக்கு அது தேவையாகப் படவில்லை. பெயர் தன் பொருளை வாய்விட்டுச் சொல்லும்போது அதன் வாயைப் பொத்திவிட்டு நாம் பேசக் கூடாது.

மதுரையைச் சுற்றிய சமவெளியில் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஆத்திகுளம், ஊமச்சிகுளம், வலையங்குளம், கடச்சனேந்தல், கருப்பாயூரணி, செக்கானூரணி. குளம், ஏந்தல், ஊரணி எல்லாமே தண்ணீர் தேங்கும் இடங்கள். ஊரார் உண்ணும் நீர் இருப்பது ஊருணி, பேச்சில் ஊரணி. நிறையத் தண்ணீர் ஓடுகிற நாட்டில் ஒவ்வொரு குட்டையின் பெயரையும் ஊருக்கு வைக்க வேண்டிய அவசியம் வராது. தண்ணீர் அரிதான இடத்தில்தான் அது இருக்கும் இடம் பெயராகிறது. ராஜஸ்தானில் தார் பாலைவனத்தில், பிகானேர்ப் பக்கம் போனால் ஊர்ப்பெயர்கள் வரிசையாக 'சர்' என்று முடியும். சர் என்றால் பொய்கை. பாலைவனத்தில் நூறு பொய்கையா என்று வியக்க வேண்டாம், பாலைவனம் என்பதால்தான் அத்தனை பொய்கைப் பெயர். விவிலியத்தில் வரும் பெயேர்செபா வறண்ட நெகேவ் நிலத்து ஊர். அதில் பெயேர் என்பது கிணறு. வடக்கே முகல்சராய் என்ற பெயரில் இருக்கும் சராய், பயணிகள் இரவு தங்கிய சத்திரம். வெயிலில் நடந்தவர்கள் எந்த மொழி பேசினாலும் பெயர் வைத்த முறை ஒன்றாகவே இருக்கிறது. நீர், நிழல், சோறு, தங்க இடம்.

நம் பகுதி மணல் பாலைவனம் இல்லை. ஆனால் தமிழில் பாலை என்பதற்கு மணல் தேவையில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்து வெயிலில் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கோடையில் மட்டும் வந்து போகும் ஒரு நிலம். இளங்கோ அதைச் சொல்வது எங்கே என்பது முக்கியம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரிலிருந்து மதுரைக்கு நடந்து வரும் வழியில். கொடும்பாளூர்ப் பக்கம் பாதை மூன்றாகப் பிரிகிறது. வலப்பக்கம் சிறுமலை வழி, இடப்பக்கம் திருமால்குன்றத்து வழி, நடுவில் ஒன்று. திருமால்குன்றம் என்பது இன்றைய அழகர்மலை. ஒத்தக்கடையில் நின்று வடக்கே பார்த்தால் அடிவானத்தில் நீலக்கோடாக அது தெரிகிறது. பகல் வெயில் கண்ணகிக்குத் தாங்காது என்று அவர்கள் இரவில் நிலவொளியில் நடந்தார்கள். இந்த ஊரில் நண்பகலில் நின்றால் அந்த முடிவின் நியாயம் காலடியில் புரிகிறது.

1895இல் பெரியாறு அணை கட்டி மலைக்கு அப்பாலிருந்து தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு கால்வாய் மேலூர் வரை போனது. அதனால்தான் இன்று சாலையோரத்தில் தென்னையும் வயலும் பார்க்கிறோம். இந்தப் பெயரை அந்தப் பச்சையைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். பெரியவர் சொன்ன பொட்டலை மனத்தில் விரித்துக்கொண்டால்தான் அந்த ஒற்றைக் கடையின் பெறுமதி தெரியும்.

என் அம்மா ஊர்ச் சாலையில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்கே ஒரு கல். பிள்ளையோடு இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாக அதை நடுவார்கள். அவள் இறக்கி வைக்காத சுமையை வழிப்போக்கர்கள் இறக்கி வைக்கட்டும் என்று. சிறுபிள்ளையில் அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஆச்சியிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் கல்லின் உயரம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. தலைச்சுமைக்காரர் குனியாமல், கழுத்தைத் திருப்பாமல், மூட்டையை அப்படியே நகர்த்தி வைக்கிற உயரம். தனியாகப் போகிறவரால் சுமையைத் தரையில் இறக்கிவிட முடியும், திரும்பத் தூக்கி வைக்க முடியாது. கைகொடுக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவருக்குப் பதிலாகத்தான் கல் நின்றது. மேல்கல்லின் விளிம்பு நூற்றுக்கணக்கான மூட்டைகள் உரசி வழுவழுப்பாக இருக்கும். வெயிலில்கூட அந்த வழுவழுப்பு கைக்கு இதமாக இருந்த ஞாபகம். ஒத்தையாக நடப்பவர்களுக்காக ஒரு சமூகம் எவ்வளவு யோசித்திருக்கிறது என்பதை அந்தக் கல்லைத் தொட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

தேநீர்க் கடையிலிருந்து நரசிங்கம் போகிற சாலையில் திரும்பினேன். மலை கூடவே வருகிறது. பாறையிலிருந்து வரும் அனல், தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்த மாதிரி. நரசிங்கத்தின் குடைவரைக் கோயிலுக்குள் கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்தது. பெருமாள் இங்கே யோக நரசிம்மர். கல்வெட்டு வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் இருக்கிறது. ஆண்டு கி.பி. 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இந்தக் கற்றளியைக் குடையத் தொடங்கினார். குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோனார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி முடித்துவைத்தார். அண்ணன் பாதியில் விட்ட வேலையைத் தம்பி முடித்தார் என்ற செய்தியைக் கல்லில் எழுதி வைத்திருப்பது, எத்தனை முறை படித்தாலும் தொண்டையை அடைக்கிறது. வட்டெழுத்து பெயருக்கேற்ப வளைந்து வளைந்து போகிறது. தூரத்தில் நின்று பார்த்தால் மழைநீர் சேற்றில் கோலம் போட்டது போல இருக்கும்.

மலையின் பெயருக்கும் வயது உண்டு. யானைமலையில் சமண முனிவர்கள் தங்கிய குகையில் தமிழ்பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் இந்த மலையின் பெயர் இவகுன்றம். இவம், இபம் என்றால் யானை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இங்கே படுத்துறங்கிய துறவிக்கும் இது யானையாகத்தான் தெரிந்திருக்கிறது. பிற்காலத்தில் சைவர்கள் இதற்கு ஒரு கதை சொன்னார்கள். சமணர்கள் ஏவிய யானையைச் சோமசுந்தரர் அம்பெய்து கல்லாக்கினார் என்று திருவிளையாடல் புராணம் சொல்கிறது. நாகமலைக்கும் பசுமலைக்கும் அதே மாதிரிக் கதைகள் உண்டு. பெயர் முந்தியது, கதை பிந்தியது. 2010இல் இந்தப் பாறையைச் செதுக்கிச் சிற்ப நகரமாக்கும் யோசனை வந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் நின்றது. அவர்கள் காப்பாற்றியதில் ஒரு பழைய சொல்லும் சேர்த்தி.

ஒத்தக்கடைக்குத் திரும்பி வந்து அடுத்த மேலூர் வண்டியில் ஏறி வெள்ளரிப்பட்டியில் இறங்கினேன். பெயரைக் கேட்டால் வெள்ளரிக்காய் விளைந்த ஊர் என்று தோன்றும், நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத மாங்குளம் மலையில் தமிழ்நாட்டின் மிகப் பழைய கல்வெட்டுகள் சில இருக்கின்றன. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டார். அந்த எழுத்தின் மொழி தமிழ்தான் என்று 1924இல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் அங்கே இருக்கிறது. கூடவே, வெள்ளறை நிகமத்தார் கொடுத்த கொடை. நிகமம் என்றால் வணிகர் சங்கம். அந்த வெள்ளறைதான் பேச்சில் தேய்ந்து வெள்ளரி ஆனது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது சரியென்றால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வியாபாரிகள் கூடிச் சங்கம் வைத்திருந்த ஊரில்தான் நான் நிழல் தேடி நிற்கிறேன்.

அழகர்மலைக் குகையிலும் இப்படித்தான். மதுரையின் பெயரை மத்திரை என்று வெட்டியிருக்கிறார்கள். படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களில் பொற்கொல்லன் இருக்கிறான், உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் இருக்கிறார்கள். கொழு என்பது ஏரின் இரும்பு முனை, அறுவை என்பது துணி. உப்பு, கொழு, துணி. இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால் ஒரு கிராமத்துப் பலசரக்குக் கடை வந்துவிடுகிறது. இந்தச் சமவெளிச் சாலைகளில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சரக்கு நகர்ந்திருக்கிறது, விற்றவர்கள் தங்கள் பெயரையும் தொழிலையும் கல்லில் போட்டிருக்கிறார்கள். ஒத்தக்கடைக்காரர் அவர்கள் வரிசையில் வருகிறவர். அவர் தன் பெயரை எங்கும் வெட்டவில்லை. ஊரே அவர் கடையின் பெயரானது.

இப்போது இந்தச் சாலையோரம் நெடுகப் புதுப்புது நகர்கள். மனைப்பிரிவுக் கொடிகள், வளைவுகள். எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுபோலவே ஒலிக்கும் பெயர்கள். மக்கள் வீடு கட்டிக் குடியேறுவதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் ஏந்தல் இருந்த இடத்தில் ஏந்தல் என்ற பெயரும் போய்விட்டால், மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது அது ஏன் வந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. மனைப் பத்திரத்தில் புதுப்பெயருக்குப் பக்கத்தில் பழைய பெயரையும் ஒரு வரி எழுதுங்கள் என்று கையெடுத்துக் கேட்கத் தோன்றுகிறது.

வெயில் இறங்காத மூன்று மணிக்கு, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் ஒரு கிளைச்சாலையில் நடந்தேன். ஒரு வேப்பமரம், அதன் கீழே சின்னக் கடை. அங்கிட்டும் வெற்றுக்காடு, இங்கிட்டும் வெற்றுக்காடு. பானையில் மோர் வைத்திருந்தார்கள். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட நீர்மோர். ஒரு சொம்பு குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அக்கா, இந்த எடத்துக்கு என்ன பேரு?"

"பேருன்னு ஒண்ணும் இல்லண்ணே. பஸ்காரங்க தகரக்கடைன்னு சொல்லுவாங்க."

கடையை ஏற இறங்கப் பார்த்தேன். நாலு பக்கமும் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம்.

"தகரத்தக் காணோமே?"

"அது நாங்க கட போட்ட புதுசுல. ஆடிக்காத்துல ஒரு வருசம் பறந்தே போச்சு. அப்புறம் லோன் போட்டுத் தளம் போட்டோம். பேரு அப்படியே நின்னுக்கிருச்சு."

தூரத்தில் டவுன் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஒரு பெண்மணி கூடையோடு இறங்கினார். கடைக்காரம்மா எழுந்து போய்க் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்து அவர் தலைக்கு ஏற்றிவிட்டு வந்து மறுபடி பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நடத்துநர் என்னைப் பார்த்து விசில் வைத்த வாயோடு கையசைத்தார். ஏறினேன். சீட்டுக் கிழித்துக் கொடுக்கும்போது கேட்டார், "தகரக்கடையில யாரு வீட்டுக்கு வந்தீங்க?"